சைவ வீட்டு மருந்துப்பெட்டி

எங்கள் ஆச்சி முட்டை விற்கிற கடையில் உப்புகூட வாங்க மாட்டாள். திருநெல்வேலி டவுனில் அப்படிப்பட்ட சைவம். ஆனால் அவளுடைய தகர மருந்துப்பெட்டியைத் திறந்தால் ஒரு மிருகக்காட்சிசாலையே உள்ளே கிடக்கும். மாட்டின் பித்தப்பையில் விளைந்த கல்லான கோரோசனை. புனுகுப்பூனையின் வாலடியில் வழித்த புனுகு. கஸ்தூரி சேர்ந்த மாத்திரை. சங்கு பற்பம், சோழியைச் சுட்ட பலகறை பற்பம். விக்கலுக்குத் தேனில் குழைத்துத் தர, மயிலிறகின் கண்ணைச் சுட்ட சாம்பல்.

“ஆச்சி, இதெல்லாம் சைவமா?”

“மருந்துக்கு ஏதுல தோசம்? வாயைத் தொற.”

திறக்காவிட்டால் மூக்கைப் பிடிப்பாள். அத்துடன் தத்துவ விசாரம் முடிந்துவிடும்.

எழுபதுகளில் காலை வேளையில் தெருவில் கழுதை வரும், குட்டியும் கூடவே. ஓட்டிவரும் அம்மாள், “கழுதப்பாலு, மாந்தத்துக்குக் கழுதப்பாலு, சளிக்குக் கழுதப்பாலு” என்று குரல் கொடுப்பாள். கைக்குழந்தை உள்ள வீட்டு வாசலில் கழுதை நிற்கும். அங்கேயே கறந்து, ஒரு சங்கு பாலை அப்படியே குழந்தை வாயில் புகட்டுவார்கள். காய்ச்சுவது கிடையாது, காய்ச்சினால் குணம் போய்விடுமாம். குழந்தைக்குக் குரல் இனிமையாக வரும் என்பது கூடுதல் வாக்குறுதி. கழுதையை வைத்துக்கொண்டே அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

எங்கள் சித்தப்பாவுக்கு இதையெல்லாம் கண்டால் ஆகாது. பி.எஸ்ஸி. படித்தவர். “காட்டுமிராண்டி வைத்தியம்” என்று திட்டிக்கொண்டே தினமும் தொடையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அந்த நாளில் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் வந்தது. பாக்டீரியாவில் வளர்த்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1982இல். ஆச்சிக்காவது கோரோசனை எந்த மிருகத்தில் விளைந்தது என்று தெரியும்.

எல்லா வைத்தியத்தையும் நான் தூக்கிப்பிடிக்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தார்ப்பாய் விரித்து, இடுப்பில் கயிறு கட்டிய உயிருள்ள உடும்பைக் கிடத்தி, பக்கத்தில் மயிலெண்ணெய் பாட்டில்களை அடுக்கி, மூட்டுவலிக்கும் சொல்லக் கூசும் வேறு வலிகளுக்கும் மருந்து விற்பார். இளைப்புக்குக் கருங்குரங்கு லேகியம் என்றார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தக் குரங்குகளை அதற்காகவே வேட்டையாடித் தீர்த்தார்கள். இளைப்பு தீரவில்லை. மயில் 1963இல் தேசியப் பறவையானது. உடும்புக்கும் கருங்குரங்குக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காவலாக வந்தது. மயிலெண்ணெய்க்காரர் அதற்குப் பிறகும் நெடுநாள் விற்றார். பாட்டிலில் மயில் இருந்திருக்காது என்பதே என் நம்பிக்கை, மயிலுக்காக.

இப்போது என் மருமகள் மருந்துப்பெட்டி வைத்திருக்கிறாள், பிளாஸ்டிக்கில். சுத்த சைவம். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி தேடாமல் வாங்க மாட்டாள். கேப்சூல் அட்டையில் தேடுவதில்லை. பெரும்பாலான கேப்சூல் கூடு ஜெலட்டின். அது மாடு, பன்றியின் எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுப்பது. அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ரத்தம் உறையாமலிருக்க ஏற்றிய ஹெபாரின், பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து வருவது. மனிதர் பிழைத்து வந்து, வீட்டுக்குள் நுழையுமுன் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்தில் தயாராகிறது. ரத்தம் உறிஞ்சும் அட்டையை அமெரிக்க அரசே 2004இல் மருத்துவச் சாதனமாக ஏற்றுக்கொண்டது. அட்டை விட்ட நம் பழைய வைத்தியர்களுக்கு யாரும் தந்தி கொடுக்கவில்லை.

ஆச்சியின் கோரோசனைக்கோ 2024இல் சீன மருந்துச் சந்தையில் தங்கத்தை மிஞ்சிய விலை. பிரேசிலின் கசாப்புக்கூடங்களில் பித்தக்கல்லைத் தனியே பொறுக்கி வைக்கிறார்களாம்.

கழுதைப்பாலும் திரும்பி வந்திருக்கிறது, சோப்பாக. மேலே, கழுதைப்பாலில் குளித்ததாகச் சொல்லப்படும் கிளியோபாட்ராவின் படம். பாலாகவே வேண்டுமென்றால் லிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். “கெமிக்கலே இல்ல மாமா, நேச்சுரல்” என்கிறாள் மருமகள். சித்தப்பா இருந்திருந்தால் அவரும் வாங்கியிருப்பார், ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததே.

தாய்ப்பாலைப் போலவே கழுதைப்பாலிலும் இனிப்புச் சத்து அதிகம் என்பது உண்மைதான், கொழுப்பு மட்டும் தாய்ப்பாலைவிடக் குறைவு. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு இத்தாலியில் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், முறையாகச் சூடாக்கி, மருத்துவர் மேற்பார்வையில். நம் வாசலில் மடியிலிருந்து நேரே சங்குக்கு வந்த பாலில் கிருமியும் சேர்ந்தே வந்தது. சோப்பை வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், தோலுக்குக் கேடில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதையும், ஒரு சங்குகூடப் புகட்டாதீர்கள். பால் வாங்கியாவது கழுதையைக் காப்பாற்ற வேண்டுமென்று தோன்றினால் அதற்கு வேறு வழி பாருங்கள். 2012க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவின் கழுதைகளில் 61 சதவீதம் குறைந்துவிட்டன என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு. மிச்சமிருந்தவை சுமார் 1.2 லட்சம்.