எத்தனை நாடு முடிஞ்சுதுடே?

வாடே, உக்காரு. கல்யாண மாலை வாடல, அதுக்குள்ள ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டாச்சாமே? நல்ல சோலி, நல்ல சம்பளம். பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போற. ரொம்ப சந்தோசம். ஆனா உங்கம்மை ஒண்ணு சொன்னா. போறதுக்கு முந்தியே ஒரு நோட்டு போட்டு வச்சிருக்கியாமே, எந்தச் சனி ஞாயிறு எந்த ஊருன்னு? கோட்டிக்காரப் பய மவனே, அங்க சம்பளத்துக்குப் போறியா, சர்வே எடுக்கப் போறியா?

எம் பேரன் கொலோன்ல இருக்கான்லா. அவனும் அவன் பொண்டாட்டியும் என்னைக் கூப்பிட்டு வச்சிருந்தாவ. டூரிஸ்ட் விசாவுல 90 நாளைக்கு மேல தங்கப்பிடாதுன்னு அங்க சட்டம். இல்லைன்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்து வேடிக்கை பாத்திருப்பேன். ஊரைச் சொல்லலடே. அதுக ரெண்டையும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடுவான். மூடின கையோட முதுகுப் பையைத் தொறப்பான். "எங்கலே?"ம்பேன். "புருசெல்ஸ் தாத்தா." "அங்கன யார் இருக்கா?" "யாருமில்ல." "பொறவு என்ன சோலி?" "பாக்கணும் தாத்தா." "எதைலே?" அந்தால போனைத் தடவுதான். பாக்கப் போறது என்னங்கிறதையே போனுதான் சொல்லணும்.

புருசெல்ஸ்ல என்ன பாத்தோம்னு கேக்கியா? ஒண்ணுக்கு இருக்கிற சின்னப் பயல் சிலை. சத்தியமாச் சொல்லுதேன். ரெண்டு அடி ஒசரம். 1619ல செய்யச் சொன்னதாம். அந்தப் பயலுக்கு ஆயிரத்துக்கு மேல சட்டை துணிமணி இருக்கு, அதை வைக்கதுக்குன்னு தனி மியூசியமே இருக்கு. இதுல கூத்து என்னன்னா, தெருவுல நிக்கது நகலு. அசலை உள்ள பூட்டி வச்சிருக்காவ. நகலுக்கு முன்னால முண்டி அடிச்சு அத்தனை பேரும் படம் எடுக்காவ. நம்ம தெருவுல அம்மணமாத் திரியுத பயலுக்கு ஒரு டவுசர் வாங்கிப் போட ஆளில்ல.

வீட்டுச் செவத்துல ஒரு மேப்பு ஒட்டி வச்சிருக்குவ. போன நாட்டைக் காசு வச்சுச் சுரண்டணும். சுரண்டினா உள்ள கலரு தெரியும். அதுக்காகவே ஒரு சனிக்கிழமை லக்சம்பர்க் போனோம். ரயிலை விட்டு இறங்கினோம், ஸ்டேசன்ல ஆளுக்கொரு காப்பி, ஒரு படம், அடுத்த ரயிலு. அந்த நாட்டுல 2020லருந்து பஸ்ஸு, டிராமு, ரெண்டாம் வகுப்பு ரயிலு எதுக்கும் டிக்கெட் கிடையாதுடே. நாடு முழுக்கச் சும்மாவே சுத்தலாம். சும்மா கிடைக்குத ஊர்ல இவன் ஸ்டேசன் வாசலைத் தாண்டல. இந்த ஷெங்கன் ஷெங்கன்னு விசாவுல போட்டிருக்கே, அது என்னன்னு நெனச்சே? அந்த நாட்டு ஓரத்துல, மோசல் ஆத்தங்கரையில கிடக்க ஒரு சின்ன கிராமம். 1985ல அங்க ஒரு படகுல உக்காந்துதான் அஞ்சு நாட்டுக்காரனும் எல்லைக்கேட்டை எடுத்துருவோம்னு கையெழுத்துப் போட்டான். நீ வாராவாரம் நாடு தாண்டப் போறியே, அது அந்த ஆத்துத் தண்ணி போட்ட பிச்சை. "அங்கன போவோமாலே"ன்னு கேட்டேன். "அது லிஸ்ட்ல இல்ல தாத்தா"ன்னுட்டான். வீட்டுக்கு வந்ததும் வராததுமா லக்சம்பர்க்கைச் சுரண்டியாச்சு. முடிஞ்சுதாம். நாடு முடியுமாடே?

பிளேன்ல போறதைப் பத்திச் சொல்லவே வேண்டாம். டிக்கெட்டு மலிவு. மலிவுன்னா என்ன, நம்ம ஊர் ஓட்டல்ல ரெண்டு பேர் சாப்பிடுத காசு. டிக்கெட்டுல பாரிஸ்னு போட்டிருக்கும். இறங்குறது போவேன்னு ஒரு ஊரு. அங்கருந்து பாரிஸ் 85 கிலோமீட்டர். பிராங்பர்ட்னு நம்பி ஹான்ல இறங்கினவனுக்கு இன்னும் 120 கிலோமீட்டர் கிடக்கு. திருநெல்வேலின்னு டிக்கெட்டைக் கிழிச்சு நாகர்கோவில்ல இறக்கி விட்டா, கண்டக்டரை நீ சும்மா விடுவியா? அங்க போயி, கோழி கூவுததுக்கு முந்தி எந்திரிச்சு, சட்டைக்கு மேல சட்டை போட்டுக்கிட்டு, பையை ஒரு இரும்புக் கூட்டுக்குள்ள அமுக்கிக் காட்டுதான். அமுங்கலைன்னா டிக்கெட்டை விடப் பைக்குக் கூடத் துட்டு.

ஒரு நாளு இப்படித்தான் ஒரு தொக்கு போச்சு. புளியோதரைக்குத் தொட்டுக்க நானே வதக்கின பூண்டுத் தொக்கு. செக்கிங்ல ஒரு பொம்பளை எடுத்து மோந்து பாத்தா. 100 மில்லிக்கு மேல தண்ணி சாமான் கொண்டு போகப்பிடாதாம். தொக்கு எப்படித் தண்ணி ஆச்சு? குழைவா இருந்தா எல்லாம் தண்ணிக் கணக்குத்தானாம். குப்பைத் தொட்டியில போட்டுட்டா. பேரன் பொண்டாட்டிக்குக் கண்ணுல தண்ணி முட்டிட்டு. தங்கச் சங்கிலி போனாக்கூட அந்தப் பிள்ளை அப்படி அழுதிருக்காது. அன்னைக்குச் சாயங்காலமே ஒரு கடைவாசல்ல உக்காந்து, பிறை மாதிரி இருக்குமே ஒரு பன்னு, அதைக் கையில புடிச்சுக்கிட்டு அறுபது படம். நான் எண்ணல, அவதான் எண்ணி அழிச்சா. ரூமுக்கு வந்து கதவைச் சாத்தி, டிபன் பாக்ஸைத் தொறந்து, தொக்கில்லாத புளியோதரையை ஆளுக்கு ரெண்டு தட்டு. அந்தப் படம் மட்டும் எங்கயும் போடல. ஏன்னு கேக்கேன்? ருசிச்சுத் தின்னது அதைத்தானே?

பாரிசுக்கு நான் போனது ரயில்ல. கொலோன்ல ஏறினா மூணரை மணி நேரத்துக்குள்ள கொண்டு போய் விட்டுருவான். வடக்கு ஸ்டேசனை விட்டு வெளிய வந்து கொஞ்சம் நடந்தா லா சப்பல். தமிழ்ல போர்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, சேலைக்கடை, பக்கத்துல மாணிக்கப் பிள்ளையார் கோயில். எனக்கு அங்கனயே இருந்திரலாம்னு ஆச்சு. காய்க்கடை வாசல்ல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், என் வயசுதான். "ஈபிள் கோபுரத்துல ஏறிட்டியளா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "நான் இஞ்ச வந்து நாப்பது வருசமாகுது ஐயா. இன்னும் ஏறேல்லை. நாங்கள் ஊர் பாக்க வரேல்லை, உயிர் தப்ப வந்தனாங்கள்"ன்னார். அவர்கிட்ட இன்னும் நாலு வார்த்தை கேக்கணும்னு வாயைத் தொறக்கேன், பேரன் கையைப் புடிச்சு இழுக்கான். "தாத்தா, மியூசியத்துக்கு டைம் போட்டிருக்கு, லேட்டானா உள்ள விடமாட்டான்." நாப்பது வருசக் கதையை வாசல்ல விட்டுட்டு, படம் பாக்க ஓடினோம்.

எந்தப் படம்? மோனா லிசா. 77 சென்டிமீட்டர் ஒசரம், 53 அகலம், குண்டு துளைக்காத கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரே கைக்காடு. ஒவ்வொரு கையிலயும் ஒரு போன். எனக்கு அந்த அம்மாளை முன்னால நின்னவன் போன் வழியாத்தான் தெரிஞ்சுது. 1911ல அந்தப் படத்தை ஒரு இத்தாலிக்காரன் களவாண்டுட்டுப் போயிட்டான். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் அகப்பட்டுது. அதுக்கிடையில சனம் வரிசையில நின்னு, படம் இருந்த வெறும் செவத்தைப் பாத்துட்டுப் போச்சாம். அவனாச்சும் செவத்தைக் கண்ணால பாத்தாம்டே.

கோபுரத்துக்கு வருவோம். 1889ல கட்டி, 20 வருசத்துல கழட்டிருவோம்னு சொன்னது. இன்னைக்கும் நிக்கு, 330 மீட்டர். ராத்திரி ஆச்சுன்னா மணிக்கொரு தடவை அஞ்சு நிமிசம் மினுமினுன்னு மின்னும். நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லப்பிடாது. ஆனா அந்த அஞ்சு நிமிசமும் அங்கன கூடியிருந்த புருசன் பொண்டாட்டி அத்தனை பேரும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நிக்காவ. மூஞ்சி போனைப் பாத்து இருக்கு. சாமிக்கு முதுகு காட்டப்பிடாதுன்னு எங்கம்மை சொல்லுவா. காசு குடுத்து கண்டம் தாண்டிப் போயி முதுகு காட்டுதவனை என்ன சொல்லுததுன்னு அவ சொல்லித் தரல.

இந்தப் பூட்டுச் சமாச்சாரம் தெரியுமா உனக்கு? புருசனும் பொண்டாட்டியும் பேரை எழுதி, ஆத்துப் பாலத்துக் கம்பியில ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஆத்துல வீசிரணும். பந்தம் பிரியாதாம். எய்யா, ஊரைக் கூட்டி, கெட்டிமேளம் கொட்டி, மூணு முடிச்சுப் போட்டது பத்தலையா? பூட்டு வேற வேணுமா? பாரிஸ்ல ஒரு பாலம், பான் தெ சார்னு பேரு. 2014ல பூட்டு கனம் தாங்காம கைப்பிடி ஒரு பக்கம் பெயந்து விழுந்துட்டு. மறு வருசம் நகராட்சிக்காரன் வந்து எல்லாத்தையும் அறுத்து லாரியில ஏத்தினான், 45 டன்னாம். அத்தனை பேரும் பிரிஞ்சா போயிட்டான்? பிரிஞ்சவன் பூட்டு இருக்கும்போதே பிரிஞ்சிருப்பான்.

கொலோன் ரயில் பாலத்துல இன்னைக்கும் பூட்டுத் தொங்குது. எம் பேரனும் ஒண்ணு வாங்கினான். எந்தக் கலருங்கிறதுல ரெண்டுக்கும் சண்டை. செவப்பு அவளுக்கு, தங்கக் கலர் அவனுக்கு. பாலத்துல அந்தத் தலைக்கு அவன், இந்தத் தலைக்கு அவ. நடுவுல நான் பூட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். சாவியை ஆத்துல போட வேண்டாம்டே, என் மடியில இருக்கட்டும்னேன். என்னைக்காச்சும் வேணும்.

ஒரு கோட்டையைப் பத்தியும் சொல்லணும். நொய்ஷ்வான்ஸ்டைன். பவேரியா ராசா இரண்டாம் லுட்விக் 1869ல கட்ட ஆரம்பிச்சு, கட்டி முடியுததுக்குள்ள 1886ல செத்துப் போனான். அதுல அவன் தங்கினது மொத்தமே 172 நாளு. அவன் போயி ஏழு வாரத்துல, டிக்கெட் போட்டுச் சனத்தை உள்ள விட்டுட்டாவ. உள்ள போட்டோ எடுக்கப்பிடாதுன்னு போர்டு வச்சிருக்கான். ரெண்டு போனும் பைக்குள்ள போச்சு. எனக்கு ஒரே சந்தோசம். அன்னைக்குத்தான் அதுக கண்ணால ஒரு இடத்தைப் பாத்துச்சு. வெளிய வந்ததும் பேரன் பொண்டாட்டி சொல்லுதா, "உள்ள ஒண்ணுமே இல்ல தாத்தா."

சுவிட்சர்லாந்து போனா டிட்லிஸ் மலை மேல ஷாருக்கானும் கஜோலும் அட்டையில நிக்காவ. பனியைப் பாக்க ஏறினவன் அட்டைகூட நிக்கான். அவ்வளவுதான் அந்த மலை.

இப்ப என் சந்தேகத்தைக் கேளு. அந்த ஜெர்மன்காரன் ஞாயித்துக்கிழமை என்ன செய்யுதான் தெரியுமா? ஒண்ணும் செய்ய மாட்டான். கடையெல்லாம் அடைப்பு. புல்லு வெட்டுத மிசினு ஓட்டப்பிடாது. செவத்துல துளை போட்டா அடுத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். ஞாயித்துக்கிழமை ஓய்வு நாளுன்னு 1919லயே அரசியல் சட்டத்துல எழுதி வச்சான். பொறவு ஒரு யுத்தம் வந்து, நாடு நொறுங்கி, புதுச் சட்டம் எழுதினப்பவும் அந்த வரியை விடல. சும்மா இருக்கதுக்கு அவன் சட்டம் போட்டு வச்சிருக்கான். அந்த ஊர்ல போயி உக்காந்துக்கிட்டு நீ அஞ்சு நாள் ஆபீஸ் சோலி, ரெண்டு நாள் ஊர் பாக்க சோலி. திங்கக்கிழமை காலையில எம் பேரன் மூஞ்சியைப் பாக்கணுமே. ராத்திரி பூரா வாழைத்தார் சுமந்தவன் தேவலை.

கொலோன்லயே ஒரு பெரிய கோயில் இருக்கு. 1248ல ஆரம்பிச்சு 1880ல முடிச்சான். 632 வருசம். நடுவுல காசில்லாம முன்னூறு வருசம்போல அப்படியே கிடந்திருக்கு, ஒருத்தனும் அவசரப்படல. ரயில்வே ஸ்டேசனை ஒட்டித்தான் நிக்கு. எம் பேரன் பாரிசுக்கு ஓடும்போதும் அதைத் தாண்டித்தான் ஓடுதான், ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடும்போதும் அதைத் தாண்டித்தான் ஓடுதான். கோபுரத்துக்கு 533 படி. ஏறினியாலேன்னு கேட்டேன். "இங்கதான தாத்தா இருக்கு, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்"ங்கான். பக்கத்துல இருந்தா பாக்கப்பிடாதா? உன் பொண்டாட்டியும் பக்கத்துலதான் இருக்கா.

ஒரு வாரம் முட்டு வலின்னு சொல்லி நான் வீட்டுல தங்கிட்டேன். வலியெல்லாம் ஒண்ணுமில்ல. அதுக ரெண்டும் பிராக் போச்சு. மத்தியானம் கீழ் வீட்டுக் கிழவி கதவைத் தட்டினா. கையில ஒரு பார்சல். இவன் ஊர் சுத்தப் போயிருக்கும்போது வருத பார்சலையெல்லாம் அவதான் வாங்கி வைக்காளாம். கழுத்துத் தலையணை, போன் மாட்டுத குச்சி, எல்லாம் அவ கை வழியாத்தான் மேல வந்திருக்கு. எனக்கு அவ பேச்சு புரியல, அவளுக்கு என் பேச்சு புரியல. உள்ள கூட்டிட்டுப் போயி காப்பியும் ஒரு துண்டு கேக்கும் குடுத்தா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க அது வழக்கம். செத்துப்போன புருசன் படத்தைக் காட்டினா. நான் என் பர்சுல இருந்த உங்க ஆச்சி படத்தைக் காட்டினேன். ரெண்டு பேருமா ரொம்ப நேரம் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தோம். வெளிய ஒண்ணும் நடக்கல. நல்லா இருந்துச்சு.

ராத்திரி வந்ததும் பேரன்கிட்ட கேட்டேன், கீழ் வீட்டு அம்மா பேரு என்னலேன்னு. முழிக்கான். கதவுல எழுதியிருக்கு, படிச்சதில்ல. "அடுத்த ஞாயிறு எங்கயும் போகாண்டாம். ஒரு டப்பா முறுக்கு எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமாக் கீழ போயி உக்காந்துட்டு வாங்க"ன்னேன். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துச்சு. பேரன் பொண்டாட்டி போனை எடுத்து எதையோ தேடுதா. அப்பாடா, காலண்டர்ல குறிக்கா போலன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி.

"தாத்தா," ங்கா, "அவங்க வீட்டுச் சன்னல்ல எத்தனை மணிக்கு வெளிச்சம் நல்லா விழும்?"