சமையல் மேடைச் சலவைக்கல்: சேதங்களும் சிகிச்சை முறைகளும்

தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து புறப்பட்டு, கேஸ் அடுப்புக்கு அடியில் வந்து படுத்த கல்லே சமையல் மேடைச் சலவைக்கல் எனப்படும். வேதியியல்படி அது கால்சியம் கார்பனேட். 1812இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் அதன் இடம் 3. மணலில் உள்ள குவார்ட்ஸின் இடம் 7. ஆகவே அதைக் கீறுவதற்குக் கீரைக்கட்டோடு வரும் மண்ணே போதும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம் உள்ளன. மூன்றும் இக்கல்லைக் கரைக்க வல்லவை. மூன்றையும் விலக்கிய தமிழ்ச் சமையலறை இதுவரை கண்டறியப்படவில்லை.

சேதங்கள் மூவகை. முதலாவது அரிப்பு. பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அது அழுக்கன்று, அவ்விடத்தில் கல்லின் மேற்பரப்பே கரைந்துவிட்டது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிய அனுபவசாலிகள் அதே முறையை இங்கும் கையாள்வதால் வட்டம் விரிவடைகிறது. இரண்டாவது கறை. மஞ்சளும் எண்ணெயும் கல்லின் நுண்துளைகளில் குடியேறுவதால் இது உண்டாகிறது. மூன்றாவது உடைவு. மேடை விளிம்பில் தேங்காய் உடைக்கும் வழக்கமே இதற்குத் தலையாய காரணம்.

சேதம் விளைவித்தவர் யார் என்பதில் இரு கொள்கைகள் நிலவுகின்றன. ‘நான் இல்லை’ என்பது ஒன்று. ‘அது முன்னாடியே இருந்தது’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நபரிடம் ஒரே நேரத்தில் காணப்படுவதுண்டு.

லேசான அரிப்புக்குத் தகர ஆக்சைடு கலந்த பாலிஷ் தூளை ஈரத்துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஆழமானதற்கு வைரத்துகள் பதித்த பட்டைகளைத் தண்ணீர் விட்டு 400, 800, 1500, 3000 என்ற நுண்மை எண் வரிசையில் ஓட்ட வேண்டும். ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய பட்டையின் கீறல் நிலைத்துவிடும். சீரான இடம் பளபளப்பதால் எஞ்சிய மேடை முழுவதும் பழையதாகத் தோன்றுவது இச்சிகிச்சையின் பக்கவிளைவு. செலவு இங்கேதான் பெருகுகிறது.

மஞ்சள் கறைக்குச் சமையல் சோடாவை ஹைட்ரஜன் பெராக்சைடில் கெட்டியான தோசைமாவுப் பதத்தில் குழைத்துப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி, ஒரு நாள் விட்டுவைத்து, பின் தாளை நீக்கி உலரவிட வேண்டும். மஞ்சளின் நிறமி வெயிலில் வெளுக்கும். எனினும் கறைபட்ட வேட்டியைப் போல மேடையை மொட்டை மாடியில் காயப்போடும் முறை நடைமுறைக்கு வரவில்லை. எண்ணெய்க் கறைக்கு டால்கம் தூளை அசிட்டோனில் குழைத்து இதேபோல் பூசலாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால், அப்போது அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது கட்டாயம்.

உடைந்த விளிம்பில் கல் தூளும் நிறமும் கலந்த எப்பாக்ஸி பிசினை நிரப்பி, இறுகியபின் தேய்த்துச் சமன்செய்வார்கள். டியூப்லைட்டில் பொருந்திய நிறம் பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியலாம். நிறம் பார்க்கப் பகலே ஏற்றது.

இறுதியாகச் சீலர் பூசப்படும். அது நுண்துளைகளை அடைத்துக் கறையைத் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது. மேடையில் விட்ட நீர்த்துளி விரைவில் ஊறிக் கல் கறுத்தால், மறுபடி பூசும் காலம் வந்துவிட்டதென்று கொள்ளலாம்.

ஆகவே, ரசத்தைக் கைவிட இயலாத குடும்பங்கள் மேடைக்குக் கிரானைட் போடுவதே உசிதம். சலவைக்கல்லைப் பூஜையறையில் பதிக்கலாம். அங்கே எலுமிச்சை மூடியில் விளக்கேற்றுவோர் அடியில் ஒரு தட்டு வைக்கவும்.