மைனஸ் ஜி மகாத்மியம்

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டையே தூணும் கதவுமாகப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1996-இல் திறந்தும் விட்டார்கள். உப்பங்கழி தாண்டி, சிறுசேரி சிப்காட்டில், கணினியிலிருந்து ஒரு பேக்கேஜைப் பெயர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

நோட் ஜேஎஸ்ஸின் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மிடம் ‘என்பிஎம் அன்இன்ஸ்டால்’ என்று அடித்துப் பேக்கேஜின் பெயரையும் கொடுக்கிறீர்கள். ‘அப் டு டேட்’ என்று பதில் வருகிறது. ஒழிந்ததா? இல்லை. குளோபல் என்னும் பொதுக் கிடங்கில் தேடச் சொல்லும் ‘மைனஸ் ஜி’ போடாததால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் மட்டும் எட்டிப் பார்த்து, அங்கே அது இல்லாததால் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது. களத்துக்குப் போகாமலே அறிக்கை எழுதும் அதிகாரிகளிடம் பயின்றிருக்கும் போல.

ஜி போட்டாலும், பல நோட் பதிப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த என்விஎம் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். நோட் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி குளோபல் கிடங்கு. ஒன்றில் நீக்கியது மற்றொன்றில் சுகமாக இருக்கும். பைத்தானின் பிப் இன்னும் தாராளம்: சொன்ன பேக்கேஜை மட்டும் அனுப்பிவிட்டு, கூட வந்த சொந்தபந்தங்களைத் திண்ணையிலேயே விட்டுவைக்கும்.

கடுப்பில் ‘என்பிஎம் அன்இன்ஸ்டால் மைனஸ் ஜி என்பிஎம்’ என்று அடிப்பவர்களும் உண்டு. அது மட்டும் மறுபேச்சில்லாமல் போய்விடும். ஆகவே ஐயா, எதையும் நீக்குமுன் ‘என்பிஎம் லிஸ்ட் மைனஸ் ஜி’ என்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.