பெயின்ட் பேசாது, பெல்ட் பேசும்

அமெரிக்காவில் விபத்தில் சிக்கிச் சரிசெய்த ஸ்போர்ட்ஸ் கார் பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?

மீதிப் பாதியை யாருக்குக் கொடுப்பதாக உத்தேசம், மெக்கானிக்குக்கா, டாக்டருக்கா? பழுதுபார்ப்பதற்கு முன், கார் ஏலத்துக்கு வந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

காரின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கையில் விபத்தே இல்லை என்று இருக்கிறதே?

போலீஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போகாத விபத்து அதற்கு எப்படித் தெரியும்? யாரும் பதிவு செய்யவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி பார்த்த இடம் தெரிந்துவிடுமாமே?

கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்துப் பாருங்கள், புத்தம்புதுக் காரிலேயே ஒட்டாது! 1953-இல் பிறந்தபோதே அதன் உடம்பு ஃபைபர்கிளாஸ். கீழே குனிந்து சேஸிஸில் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சேற்றுக் கறை தெரிந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையா? எழுந்து வந்துவிடுங்கள்.

அடிபட்ட காருக்கு மரியாதையே கிடையாதா?

ஏன் இல்லை? 2014 பிப்ரவரியில் கென்டக்கியின் கொர்வெட் அருங்காட்சியகத்தில் தரை உள்வாங்கி 8 கார்கள் பள்ளத்தில் விழுந்தன. 3 கார்களைச் சீரமைத்தார்கள். மற்ற 5 கார்களை நசுங்கிய கோலத்திலேயே பாதுகாத்தார்கள். அவற்றைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

காயம்பட்ட காரை விற்பது குற்றமில்லை. காயத்தை மறைத்து விற்பது, வாங்குபவரின் உயிரோடு விளையாடுவது.