யூக்ளிடும் இரண்டு கழுதைகளும்

வடிவியல் வரலாற்றில் யூக்ளிடுக்கு அடுத்தபடியாகப் பாடுபட்ட ஜீவன் கழுதை. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு சின்னப் படம்கூடக் கிடையாது.

கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து 13 பாகங்களில் ‘எலிமெண்ட்ஸ்’ எழுதியவர் யூக்ளிட். அவர் எந்த ஊர்க்காரர், எப்படி இருப்பார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. படங்களில் காணும் தாடி பிற்கால ஓவியர்கள் போட்ட பிச்சை. அவரைப் பற்றி மிஞ்சியிருப்பவை இரண்டு கதைகள். இரண்டும் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை. தாலமி ராஜா, “இதைச் சுருக்கமாகப் படிக்க வழி இல்லையா?” என்று கேட்டாராம். வடிவியலுக்கு ராஜபாட்டை எல்லாம் கிடையாது என்றாராம் யூக்ளிட். இன்னொரு நாள், முதல் தேற்றத்தைப் படித்த கையோடு ஒரு மாணவன், “இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?” என்றான். உடனே அடிமையைக் கூப்பிட்டு, “இவனுக்கு மூன்று காசு கொடுத்து அனுப்பு, படிப்பில் லாபம் பார்க்கிற ஆள்” என்றாராம். அதே கேள்விக்கு இன்று பத்தாம் வகுப்பில் கிடைக்கும் பதில், “அஞ்சு மார்க்.”

முதல் கழுதை வருவது முதல் பாகத்தின் 20ஆம் தேற்றத்தில். முக்கோணத்தின் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட நீளம் என்பது தேற்றம். இதற்கு யூக்ளிட் கோடு இழுத்து, கோணம் ஒப்பிட்டு, முறையாக நிரூபணம் எழுதியிருந்தார். கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸின் சீடர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஒரு முனையில் கழுதையை நிறுத்து, அடுத்த முனையில் வைக்கோலைப் போடு. அது நேராகப் போகுமா, மூன்றாவது முனையைச் சுற்றிக்கொண்டு போகுமா? கழுதைக்கே தெரிந்ததற்கு நிரூபணம் ஒரு கேடா?”

இந்தக் கேலியை நமக்காகக் குறித்து வைத்தவர் யூக்ளிடுக்கு உரை எழுதிய 5ஆம் நூற்றாண்டின் புரோக்ளஸ். அவர் பதிலும் சொன்னார்: ஒன்று உண்மை என்று தெரிவது வேறு, அது ஏன் உண்மை என்று தெரிவது வேறு, இரண்டாவதுதான் அறிவியலின் வேலை. நல்ல பதில்தான். ஆனால் எபிக்யூரியர்களின் கேள்வி அதைவிட நல்ல கேள்வி. ஒவ்வொரு ஆண்டும் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அது மறுபிறவி எடுக்கிறது: “பார்த்தாலே தெரியுதே சார், இதை ஏன் நிரூபிக்கணும்?” புரோக்ளஸ் விளக்கமாவது கொடுத்தார். இந்தப் பையனுக்குக் கிடைப்பது, “உட்காருடா.”

இரண்டாவது கழுதை ஐந்தாம் தேற்றத்தில் நிற்கிறது. இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். யூக்ளிட் சம பக்கங்களைக் கீழே நீட்டி, நீட்டியதில் சம அளவு வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக இணைத்து, தாளை முக்கோணங்களால் நிரப்பிவிடுவார். அந்தப் படம் பார்க்கப் பாலம் மாதிரி இருக்கும். தாண்ட முடியாதவன் கழுதை என்பதால் ஐரோப்பாவில் அதற்குக் ‘கழுதைப் பாலம்’ என்றே பெயர் வந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ரோஜர் பேகன் இதற்குக் கொடுத்த பெயர், ‘பாவப்பட்டவர்களின் ஓட்டம்’. அதுவரை வந்தவர்கள் அதைப் பார்த்ததும் கம்பி நீட்டிவிடுவார்களாம்.

மாணவர்களை மட்டும் சொல்வானேன்? 1619இல் சர் ஹென்றி சேவில் தம் சொந்தப் பணத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். மறு ஆண்டு தாமே மேடையேறி யூக்ளிட் பற்றி 13 சொற்பொழிவுகள் ஆற்றினார். வரையறைகள், அடிப்படைகள், முதல் எட்டுத் தேற்றங்கள். அவ்வளவுதான். கடவுள் அருளால் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், வயதாகிவிட்டது என்று சொல்லி, பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு இறங்கிவிட்டார். முதல் பாகத்தில் மட்டும் 48 தேற்றங்கள். இருந்தாலும் மனிதர் பாலத்தைத் தாண்டி மூன்று அடி போயிருக்கிறார்; மரியாதை கொடுப்போம்.

இந்தக் கூட்டத்தில் யூக்ளிடைச் சரியாகப் படித்தவர் என்று நான் நினைப்பது, தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸை. நாற்பது வயதுவரை அவருக்கு வடிவியல் தெரியாது. யாரோ ஒரு கனவான் வீட்டில் ‘எலிமெண்ட்ஸ்’ 47ஆம் தேற்றப் பக்கத்தில் திறந்து கிடந்தது. நமக்குப் பழக்கமான பிதாகரஸ்தான். படித்த ஹாப்ஸ், கடவுள்மேல் சத்தியம் பண்ணி, “நடக்கவே நடக்காது!” என்றாராம். நிரூபணத்தைப் படித்தார், அது முந்தைய தேற்றத்தைக் காட்டியது. அதைப் படித்தார், அது அதற்கு முந்தையதைக் காட்டியது. இப்படிப் பின்னோக்கிப் போய்ப் போய், கடைசியில் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். ஹாப்ஸின் நண்பர் ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கும் கதை இது. நிரூபணம் என்பது நம்பாதவனுக்காகச் செய்வது. பள்ளிக்கூடமோ தேற்றத்தைச் சந்தேகிக்க யாருக்கும் அவகாசம் கொடுக்காமல், நேராக நிரூபணத்தைப் புகட்டுகிறது. (ஹாப்ஸ் பிறகு வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்று கிளம்பி, சேவில் ஏற்படுத்திய அதே நாற்காலியில் இருந்த ஜான் வாலிஸுடன் இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார். வட்டம் மசியவில்லை. காதல் முற்றினால் இப்படித்தான்.)

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யூக்ளிட் வேதமானார். தேர்வில் அவர் வரிசை மாறக் கூடாது. பையன்கள் மந்திரம்போல் உருப்போட்டார்கள். படத்தில் எழுத்துகளை மாற்றிக் கொடுத்தால் பலர் கதை கந்தல். பொறுக்க முடியாமல் 1871இல் வடிவியல் கற்பித்தலைத் திருத்தவென்றே ஆசிரியர்கள் சங்கம் தொடங்கினார்கள். எதிரணியில் நின்றவர்களில் ஒருவர், ‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோல். 1879இல் அவர் ஒரு நாடகமே எழுதினார்: விடைத்தாள் திருத்திக் களைத்த பரீட்சகர்முன் யூக்ளிடின் ஆவி தோன்றுகிறது, போட்டிப் பாடநூல்கள் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன. பேய் ஓட்ட ஆள் வைப்பார்கள். இங்கே பாடத்திட்டத்தைக் காப்பாற்றப் பேயை அழைத்தார்கள்.

பாடநூல் மன்னர் டாட்ஹன்டர் இன்னும் ஒரு படி மேலே. மாணவனுக்குச் செய்முறைச் சோதனை எதற்கு, ஆசிரியர் சொன்னால் நம்ப வேண்டியதுதானே என்று எழுதினார். யூக்ளிடைப் பதிப்பித்து விற்றவர் சொன்னது இது!

1903இல் கேம்பிரிட்ஜ் இறங்கி வந்தது. முறையான எந்த நிரூபணமும் செல்லும் என்றது. அமெரிக்காவிலோ நிரூபணம் எழுதும் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரிக்கும் வழக்கம் வேர்விட்டது: இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தேல்ஸ் தேற்றம் அதே கட்டங்களுக்குள்தான் குடியிருக்கிறது. திருத்த வசதி. சிந்திக்க வசதியா என்று கேட்டால், வலப்பக்கம் காலி. 1959இல் பிரெஞ்சுக் கணிதவியலர் டியுடோனே, யூக்ளிடே ஒழிக என்று முழங்கினார். யூக்ளிட் ஒழியவில்லை.

இத்தனை களேபரத்துக்கும் காரணமான கழுதைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குறுக்குவழி இருந்தது. யூக்ளிடுக்கு ஆறு நூற்றாண்டு கழித்து, அதே அலெக்சாந்திரியாவில் பப்பஸ் என்ற கணிதவியலர் அதைக் கண்டுபிடித்தார். 1956இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மார்வின் மின்ஸ்கி, ஒரு இயந்திரம் ஐந்தாம் தேற்றத்தை எப்படி நிரூபிக்கும் என்று காகிதத்தில் இயந்திரமாகவே நடித்துப் பார்த்தபோதும் வந்தது அதே நிரூபணம். ABC முக்கோணத்தில் AB, AC சமம். அதே முக்கோணத்தை ACB என்று திருப்பிப் படியுங்கள். AB-க்கு AC சமம், AC-க்கு AB சமம், நடுவில் இருக்கும் A கோணம் இரண்டுக்கும் ஒன்றே. ஆக முக்கோணம் தன்னோடு தானே சர்வசமம். B கோணமும் C கோணமும் சமம். முடிந்தது. நீட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். இதை வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். “இது செல்லாது, எங்கேயோ ஏமாத்துறீங்க” என்று சண்டைக்கு வந்தால், தடுக்காதீர்கள்.