அரையும் மூன்றிலொன்றும்: ஒரு கூட்டற்பிழை விசாரணை

பிரபஞ்சத்தின் தோற்றம் குறித்தும் ஆன்மாவின் இலக்கணம் குறித்தும் எழுதிக் குவித்த வித்துவசிரோமணிகள், அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஐந்தில் இரண்டு என்று எழுதுவது ஏன் என்னும் மூலப் பிரச்சினையை இதுகாறும் தீண்டாது விட்டமை நம் ஆராய்ச்சியுலகின் பெருங்குறையாதலின், அதனை நிவர்த்திக்கும்பொருட்டு இச்சிறு நூல் எழுந்தது.

பின்னம், தகுபின்னம், தகாபின்னம், கலப்புப் பின்னம் என மூவகைப்படும். தகாபின்னத்தின் நடத்தைபற்றிக் கண்ணியம் கருதி ஒன்றும் சொல்லோம்.

எண்சுவடியை மனனம் செய்த முன்னோர், 20-இல் ஒன்றை மா என்றும் 80-இல் ஒன்றைக் காணி என்றும் 320-இல் ஒன்றை முந்திரி என்றும் பெயரிட்டு அழைத்தமையால், தொகுதிக்கும் பகுதிக்கும் இடையே நிகழும் மாடிவீட்டுச் சண்டை அவர்களை அணுகவில்லை. 1957 ஏப்ரல் 1 முதல் 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. பின்னத்தை ஒழிக்கப் புறப்பட்ட தசமமுறை, ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று முதற்கண் பின்னத்தையே ஈன்றது. தசமப் புள்ளியை ஓரிடம் நகர்த்திய பையனுக்குப் பிரம்படியும், தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு நகர்த்திய பேராசிரியருக்குப் பொன்னாடையும் கிடைப்பது ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று.

இனி விஷயத்துக்கு வருவோம். முதற்பெஞ்சு உரைகாரர், பகுதிகளை ஆறாகச் சமன்செய்து, ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர ஆறில் ஐந்து என்பர். அரையோடு ஒன்றைச் சேர்த்தபின் அரையினும் குறைந்த ஐந்தில் இரண்டு வருவது எங்ஙனம் என்று அவர் எழுப்பும் ஆட்சேபம் வலியது. நடுப்பெஞ்சு உரைகாரர் மௌனம் சாதிக்கின்றார். கடைசிப்பெஞ்சு உரைகாரரோ, கணக்கு நோட்டின் பின்னட்டை உட்புறத்தே, புளியோதரைக் கறைக்கு வடமேற்கில் பென்சிலால் வரையப்பட்டதும், இடையில் ஒருவரி எச்சிலால் அழிக்கப்பட்டதும், பக்கத்துப் பையன் பார்த்து எழுதியமையால் பாடபேதம் மலிந்ததுமாகிய தம் பேருரையில் சமாதானம் கூறுகின்றார்: ஆசிரியர் விடைத்தாளின் முதற்பகுதியில் இரண்டுக்கு ஒன்றும், அடுத்த பகுதியில் மூன்றுக்கு ஒன்றும் வழங்கி, முகப்பில் சிவப்பு மையால் ஐந்துக்கு இரண்டு என்று கூட்டிப் போடுகின்றாரே; மேலொடு மேலும் கீழொடு கீழும் அவர் கூட்டினால் மதிப்பெண், யான் கூட்டினால் பிழையோ?

இதற்கு முதற்பெஞ்சார் மறுப்பு: மதிப்பெண்ணில் இரண்டு வினா ஒரு முழுமை, மூன்று வினா வேறொரு முழுமை, ஐந்தும் சேர்ந்தது மூன்றாவதொரு முழுமை, கணக்கிலோ அரையும் மூன்றிலொன்றும் ஒரே முழுமையின் கூறுகள். மறுப்பு நியாயமே. ஆயினும் ஒரே கோட்டுக்குறி இருவேறு தொழில் செய்வதைப் பையனுக்கு எடுத்துரையாது, அவன் தாளின் உள்ளே தவறென்று அடித்து, முகப்பில் அதையே சரியென்று செய்து காட்டும் மரபைத்தான் யாம் குற்றமென்போம்.

நிற்க, ஐந்துக்கு இரண்டு என்பது நூற்றுக்கு 40. தேர்ச்சிக்கு 35 போதும். பையன் தேறிவிட்டான்.