கட்டுரை சேர்

ஹேவாஹெட்டயில் ஓ.எல். எழுதிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கட்டுரை சேரைத் தெரியும். பிள்ளைகள் மாறுவார்கள், கட்டுரை மாறாது.

சனிக்கிழமை டியூசனில் அவர் கொடுக்கும் ‘கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது’ பிரசித்தம். சூரியன் தோடம்பழம்போல் மூழ்கும், நண்டு ஓடும், கடலைக்காரன் கூவுவான். எழுதுகிற நாற்பது பேரில் பாதிப்பேர் கடலை டிவியில்தான் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் நாற்பது கொப்பியிலும் அலை ஒரே உயரம்.

தேயிலைச் செடியின் சுயசரிதை இன்னும் விசேஷம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரயின் 19 ஏக்கர் நம்ம பக்கத்து மலையில்தான். ஆகவே எல்லாச் செடியும் அங்கேயே பிறக்கும். நடுவில் அந்நியச் செலாவணி ஈட்டிப் பெருமைப்படும். கடைசிப் பந்தியில் யாரோ திடுக்கிட்டு விழிப்பார்கள்; கண்டதெல்லாம் கனவு. கனவு வந்தது செடிக்கா, பிள்ளைக்கா என்று மட்டும் கேட்கக் கூடாது. “முடிவுரைக்குத் தனியா மார்க்ஸ் இருக்குடா” என்பார்.

ஒருமுறை ஒரு பிள்ளை தன் செடியை இப்படிப் பேச வைத்தாள்: “எங்கிட்ட வாற அம்மா காலுல சவக்காரம் பூசிக்கிட்டுத்தான் வருவாங்க. அப்பவும் அட்டை கடிக்கும். கிலோ கொறஞ்சா அரைப்பேருன்னு கணக்கப்பிள்ளை சொல்லுவாரு. நான் இன்னும் கொஞ்சம் துளிர்த்திருக்கலாம்.”

சிவப்புப் பேனா நாலு வரியையும் வெட்டியது. ஓரத்தில், ‘பேச்சுவழக்கு! அட்டை தேவையற்றது!’ வெட்டிய இடத்தில் அந்நியச் செலாவணி ஏறி உட்கார்ந்தது. அன்றைக்கே அவர் பாடமாக்கச் சொன்ன குறிப்பு: சி.வி. வேலுப்பிள்ளை, மலையக மக்களின் குரல், ஐந்து வரி, ஒரு சொல்லும் பிசகக் கூடாது.

மனுசனுக்குப் பேசத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். டவுன் தேத்தண்ணிக் கடையில் 1940 ஜனவரி, முல்லோயாத் தோட்டத்துக் கதையை எடுத்தாரென்றால் கேட்க வேண்டும். ஸ்ட்ரைக், பொலிஸ், துவக்குச் சத்தம், தொழிலாளி கோவிந்தன் விழுந்தது, எல்லாம் தாத்தா சொன்னபடியே, தாத்தாவின் இருமலோடு வரும். இடையில் துரைமாருக்கு ஒரு கெட்ட வார்த்தையும் விழும். கேட்பவர்கள் கையில் பிளேன்டீ ஆறிப்போகும். “இதை ‘எமது பிரதேசம்’ கட்டுரையில போடலாமே சேர்?” என்றால் முகம் மாறிவிடும். “அது கதைங்க. கட்டுரை வேற.” அவருடைய ‘எமது பிரதேசம்’ இயற்கை அன்னையின் மடியில் தவழ்கிறது. அங்கே யாரும் சுடுவதில்லை.

இப்போது மாதிரிக் கட்டுரைப் புத்தகம் ஒன்று அச்சடிக்கப் போகிறாராம். அந்தப் பிள்ளையின் அட்டைக் கட்டுரையையும் சேர்க்கச் சொல்லி யாரோ கேட்க, அரை மனசாகத் தலையாட்டியிருக்கிறாராம்.

அதை மட்டும் செஞ்சிறாதீங்க சேர். வாற பரீட்சையில நாப்பது அம்மாவையும் ஒரே அட்டை கடிக்கும்.